பழைய போனில் ‘கஸ்டம் ரோம்’ போடலாமா? முதல்முறை முயல்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கேரளாவில் 2021 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் கூட்டுறவு வங்கிகள் ‘வித்யாதரங்கிணி’ என்று ஒரு கடன் கொடுத்தன. ஆன்லைன் வகுப்புக்கு போன் இல்லாத பிள்ளைகளுக்கு, வட்டி இல்லாமல், அதிகபட்சம் 10,000 ரூபாய். அந்தக் கடனில் வாங்கியதோ, நகையை அடகு வைத்து வாங்கியதோ, கொச்சி மட்டாஞ்சேரியின் பல வீடுகளில் அந்தக் காலத்து போன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிள்ளை காலேஜுக்குப் போயாச்சு, போன் அம்மா கைக்கு வந்தாச்சு. கூகுள் பே, கேஸ் புக்கிங், ஓடிபி எல்லாம் இப்போது அதில்தான்.

போன் வேலை செய்கிறது. ஆனால் அப்டேட் நின்றுபோய்விட்டது. உங்களிடமும் அப்படி ஒரு போன் இருந்தால், ‘செட்டிங்ஸ்’ போய், ‘அபவுட் போன்’ பகுதியில் ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருக்கும் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை உங்கள் போனில் அடைக்கப்படாமல் இருக்கின்றன. விலை குறைந்த போன்களுக்கு இரண்டு, மூன்று வருடத்தில் கம்பெனிகள் கைகழுவிவிடுவது வழக்கமாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் யாராவது, பெரும்பாலும் வீட்டில் இருக்கும் இன்ஜினியரிங் பையன், ‘கஸ்டம் ரோம் போட்டா போன் புதுசு மாதிரி ஆயிடும்’ என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் போனுக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

கஸ்டம் ரோம் என்றால் என்ன?

உங்கள் போனில் ஓடும் ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். அதை கூகுள் வெளியிடுகிறது. ஷாவ்மி, சாம்சங், விவோ போன்ற கம்பெனிகள் அதன்மேல் தங்கள் அலங்காரங்களையும் ஆப்களையும் சேர்த்து போனில் ஏற்றி விற்கின்றன. இது ‘ஸ்டாக் ரோம்’. அதே மூலத்தை எடுத்து, கம்பெனிக்கு வெளியே இருக்கும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்தித் தயாரிப்பது ‘கஸ்டம் ரோம்’. இதில் இன்று பரவலாகத் தெரிந்த பெயர் லினேஜ்ஓஎஸ்.

கடைகளில் ‘சாஃப்ட்வேர் ஏத்துறது’ என்று சொல்வது பெரும்பாலும் இது கிடையாது. எறணாகுளம் மரைன் டிரைவ் பக்கம் இருக்கும் பென்டா மேனகாவுக்குப் போனால், வரிசையாக மொபைல் கடைகள். ஹேங் ஆன போனைக் கொடுத்தால் அங்கே செய்வது, கம்பெனியின் அதே ஸ்டாக் ரோமைத் திரும்ப ஏற்றுவது. போன் பழையபடி ஓடும், ஆனால் பழைய ஆண்ட்ராய்டும் அதே பழைய செக்யூரிட்டி தேதியும்தான் இருக்கும். ஆகவே கடையில் கேட்கும்போது எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இது போனின் ஆயுளை உண்மையிலேயே நீட்டுமா?

நீட்டும். அதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் நீதிமன்ற வாசனையோடு.

2014 டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன் என்ற போன் 21,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. அதில் இருந்தது சயனோஜென். ஸ்டீவ் காண்டிக் என்ற அமெரிக்க நிரலாளர் 2009இல் பொழுதுபோக்காக ஆரம்பித்த சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோம், பிறகு கம்பெனியாக வளர்ந்து, தன் மென்பொருளை போன் தயாரிப்பாளர்களுக்கே கொடுக்க ஆரம்பித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், இந்தியாவுக்கான தனி உரிமையை அந்தக் கம்பெனி மைக்ரோமேக்ஸின் ‘யூ’ பிராண்டுக்கும் கொடுத்துவிட்டது. மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 16ஆம் தேதி ஒன்பிளஸ் ஒன் விற்பனைக்கு இடைக்காலத் தடை விழுந்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த மாதம் முடிவதற்குள் தடையை நீக்கியது. ஒன்பிளஸ் தன் சொந்த மென்பொருளைத் தயாரிக்கும் வேலையில் இறங்கியது. 2016 டிசம்பர் முடிவோடு சயனோஜென் தன் சேவைகளை மூடிவிட்டது.

வாங்கினவர்கள் கதி? கம்பெனி தந்த அப்டேட் ஆண்ட்ராய்டு 6 உடன் நின்றது. ஆனால் சயனோஜென்மாடின் நிரலை எடுத்து அதே ஆட்களில் சிலரும் மற்றவர்களும் தொடங்கியதுதான் லினேஜ்ஓஎஸ். அவர்கள் 2014ஆம் வருடத்து ஒன்பிளஸ் ஒன்னை ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வழக்குப் போட்ட, போடப்பட்ட எந்தக் கம்பெனியும் செய்யாத வேலை இது.

இதோடு சேர்ந்த இன்னொரு தகவல். மாற்றி எழுதப்பட்ட ஆண்ட்ராய்டை போன் கம்பெனிகள் ஃபேக்டரியிலேயே ஏற்றி விற்பதைத் தடுக்கும் வகையில் கூகுள் ஒப்பந்தம் போட்டது என்பது, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்தத் தொகையை உறுதி செய்தது. கஸ்டம் ரோம் கடையில் கிடைக்கும் பொருளாக வளராமல், வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாமே செய்கிற வேலையாகத் தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு பின்னணி.

உங்கள் போனுக்குக் கிடைக்குமா?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இது.

போனை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் சின்ன நிரலுக்கு பூட்லோடர் என்று பெயர். கம்பெனி கையெழுத்திட்ட மென்பொருளைத் தவிர வேறெதையும் அது உள்ளே விடாது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டம் ரோம் போட வேண்டுமென்றால் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும், அதற்குக் கம்பெனி அனுமதிக்க வேண்டும். கூகுள் பிக்சலில் சுலபம். ஷாவ்மியில் முடியும், ஆனால் காத்திருக்க வேண்டும்: கணக்கைப் போனோடு இணைத்த பிறகு மாடலைப் பொறுத்து 72 மணி நேரமோ 168 மணி நேரமோ ஆகும். புதிய ஹைப்பர்ஓஎஸ் போன்களில் அதற்கும் முன்னால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கணக்கும் 30 நாளைக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். ரியல்மி சில மாடல்களுக்கு மட்டும் வழி விட்டது. விவோ அதிகாரப்பூர்வமாக அனுமதிப்பதே இல்லை. சாம்சங், 2025இல் வந்த ஒன் யூஐ 8 அப்டேட்டோடு திறக்கும் வசதியையே எடுத்துவிட்டது.

பூட்டு திறந்தால் மட்டும் போதுமா? உங்கள் மாடலுக்கென்று யாராவது ரோம் தயாரித்து, தொடர்ந்து பராமரிக்க வேண்டும். அதற்கு அந்தப் போனின் ‘கெர்னல்’ நிரல் வெளியே கிடைக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலின் உரிமப்படி அதைக் கம்பெனிகள் வெளியிட்டாக வேண்டும். ஆனால் பல கம்பெனிகள் தாமதிக்கின்றன, அரைகுறையாகத் தருகின்றன. விலை குறைந்த மீடியாடெக், யூனிசாக் சிப் போன்களில் இந்தத் தொல்லை அதிகம். நேரமும் ஆர்வமும் உள்ள நிரலாளர்கள் கையில் வைத்திருப்பதும் பெரும்பாலும் கொஞ்சம் விலை கூடிய போன்கள்தான். தன் கையில் இருக்கும் போனுக்குத்தானே ஒருவர் ரோம் எழுதுவார்?

விளைவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். லினேஜ்ஓஎஸ் தளத்தில் ஆதரவுள்ள போன்களின் பட்டியல் இருக்கிறது. பிக்சல், ஒன்பிளஸ், மோட்டோரோலா, ஷாவ்மியின் நடுத்தர விலைப் போன்கள் அதில் நிறைய. 2021இல் ஒரு மட்டாஞ்சேரி வீட்டில் 10,000 ரூபாய்க்குள் வாங்கக்கூடியதாக இருந்த போன்கள் அங்கே அபூர்வம். யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களுடைய போனுக்குத்தான் இது கிடைப்பது குறைவு. கஸ்டம் ரோமை ஏழைகளின் அப்டேட் என்று புகழ்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

பட்டியலில் தேடும்போது பெட்டியில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ‘ரெட்மி நோட்’ என்ற ஒரே வரிசையில் டஜன் கணக்கில் போன்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியப் பெயர் மாதிரி ‘கோட்நேம்’ இருக்கும். போக்கோ எஃப்1 போனுக்கு ‘பெரிலியம்’ என்று பெயர். அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால் மட்டுமே மேலே போகலாம். வேறு போனின் ரோமைப் போட்டால் போன் செத்த கட்டைதான். இந்தத் தொழிலில் அதை ‘பிரிக்’, அதாவது செங்கல் என்பார்கள்.

எப்படிப் போடுவது?

போக்கோ எஃப்1ஐயே எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் 20,999 ரூபாயில் தொடங்கி இந்தியாவில் விற்ற போன், இன்றும் செகண்ட் ஹேண்டில் சுற்றுகிறது. கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 10இல் நின்றுவிட்டது. லினேஜ்ஓஎஸ் ஆண்ட்ராய்டு 15 வரை கொண்டுவந்தது. மற்ற போன்களில் விவரம் மாறும், வரிசை ஏறக்குறைய இதுதான்.

முதல் வேலை பேக்கப். பூட்லோடரைத் திறந்த நொடியில் போனில் உள்ள எல்லாமே அழியும். போட்டோ, வாட்ஸ்அப் அரட்டை, காண்டாக்ட் எல்லாம். வாட்ஸ்அப்புக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். கேலரியை மட்டும் காப்பி பண்ணிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ‘செட்டிங்ஸ்’ஸில் பில்ட் நம்பரை, ஷாவ்மியில் என்றால் மியூஐ வெர்ஷனை, ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘ஓஈஎம் அன்லாக்கிங்’, ‘யூஎஸ்பி டீபக்கிங்’ இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். ஷாவ்மியின் அன்லாக் கருவி விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும். முடிந்தவரை லேப்டாப்பைப் பயன்படுத்துங்கள். இடவப்பாதி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று கொச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; பாதி எழுதும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் பிரச்னை. கேபிளை ஹப் எதிலும் சொருகாமல் நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும்.

பூட்டு திறந்ததும், வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ‘ஃபாஸ்ட்பூட்’ நிலை வரும். இது போனும் கம்ப்யூட்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இடம். அங்கிருந்து ‘ரெக்கவரி’ என்ற சின்ன நிரலை லேப்டாப் வழியாக ஏற்ற வேண்டும். போனின் பழைய ரெக்கவரி, கம்பெனி கையெழுத்து இல்லாத எதையும் ஏற்காது. லினேஜின் ரெக்கவரி ஏற்கும். ஏற்றிய கையோடு வால்யூம் கூட்டும் பட்டனையும் பவரையும் அழுத்தி நேராக ரெக்கவரிக்குள் போங்கள். இடையில் போனைச் சாதாரணமாக ஆன் செய்துவிட்டால் பழைய மென்பொருள் அதன் மேலேயே எழுதிவிடக்கூடும்.

ரெக்கவரியில் முதலில் ‘ஃபார்மட் டேட்டா’. அடுத்து ‘அப்ளை அப்டேட்’ போய் ‘ஏடிபி’ வழியைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பிலிருந்து ரோம் கோப்பை அனுப்ப வேண்டும். இதற்கு ‘சைட்லோட்’ என்று பெயர். புதியவர்கள் பலர் பயந்துபோகும் இடம் இது. லேப்டாப் திரையில் எண்ணிக்கை 47 சதவீதத்தில் நின்று, ஏதோ தோல்வி என்று ஒரு வரி வரலாம், அதே வரியின் கடைசியில் ‘சக்சஸ்’ என்றும் இருக்கும். விசித்திரமாக இருந்தாலும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள், போன் திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

லினேஜில் ப்ளே ஸ்டோர் உட்பட கூகுள் ஆப்கள் கிடையாது. வேண்டுமென்றால் தனிக் கோப்பாக, போனை முதல்முறை ஆன் செய்வதற்கு முன்பே ஏற்ற வேண்டும். அப்போது கையெழுத்துச் சரிபார்ப்பு தோல்வி என்று எச்சரிக்கை வரும். அது லினேஜ் கையெழுத்திட்ட கோப்பு அல்ல என்பதால் வருவது, ‘எஸ்’ கொடுக்கலாம். ஆன் செய்த பிறகு ஏற்ற நினைத்தால், மறுபடி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து வர வேண்டும்.

கோப்புகளை ரோமின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். யூடியூப் வீடியோவின் கீழே இருக்கும் லிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க உங்களுக்கு வழி இல்லை. அதிகாரப்பூர்வ தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் நீளமான ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும்; இறக்கிய கோப்பின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கூகுள் பே, பேங்க் ஆப் வேலை செய்யுமா?

செய்யலாம், செய்யாமலும் போகலாம். வங்கிக்கு வங்கி மாறும். இன்று வேலை செய்யும் ஆப், அடுத்த மாத அப்டேட்டில் நின்றும் போகலாம்.

காரணம், ‘ப்ளே இன்டெக்ரிட்டி’ என்ற கூகுள் சோதனை. போனின் பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, கம்பெனி மென்பொருள்தான் ஓடுகிறதா என்று ஆப் கூகுளிடம் கேட்கும். 2025 மே முதல் இந்தச் சோதனை போனின் வன்பொருளிலேயே பதிந்திருக்கும் சாவியை இன்னும் அதிகமாக நம்ப ஆரம்பித்ததால், ஏமாற்றுவது கடினமாகிவிட்டது. ஏமாற்ற உதவும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் போனின் அடிவேர் வரை அதிகாரம் கேட்கும், யார் எழுதினார் என்றே தெரியாத ஒரு நிரலை, உங்கள் வங்கிக் கணக்கு இருக்கும் போனில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதுகாப்புக்காகத்தானே இந்த வேலையையே ஆரம்பித்தோம்?

பாதுகாப்பைப் பற்றி இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. லினேஜ் போட்ட பிறகு செட்டிங்ஸில் இரண்டு செக்யூரிட்டி தேதிகள் தெரியும். ஒன்று ஆண்ட்ராய்டுக்கு, அது புதியதாக இருக்கும். இன்னொன்று ‘வெண்டர்’ தேதி. சிப், மோடம் போன்றவற்றுக்காகக் கம்பெனி கொடுத்த மூடிய நிரல்களுக்கானது. அதைத் தன்னார்வலர்களால் திருத்த முடியாது. கம்பெனி எந்த மாதம் நிறுத்தியதோ அங்கேயே நிற்கும். மேலும் பூட்டு திறந்த போனைத் திருடுபவர் அதில் வேறு மென்பொருளை ஏற்றுவதும் சுலபம். மொத்தத்தில் பழைய ஸ்டாக் ரோமைவிட நிலைமை நன்றாக இருக்கும், புது போன் அளவுக்கு வராது.

வாரண்டியும் சட்டமும் என்ன சொல்கின்றன?

வாரண்டி இருக்கும் போனில் இதைச் செய்ய வேண்டாம். சாம்சங் போன்களில் உள்ளே ஒரு மின்னணு ஃபியூஸ் இருக்கிறது. அதிகாரப்பூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துவிடும், பிறகு ஸ்டாக் ரோமுக்கே திரும்பினாலும் செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் திரும்பாது.

சொந்த போனில் ரோம் மாற்றுவது குற்றமில்லை. ஐஎம்இஐ எண்ணில் கை வைப்பது குற்றம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, தொலைத்தொடர்பு அடையாள எண்களைத் திருத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கும் ரோமுக்கும் என்ன சம்பந்தம்? புதியவர்கள் அழிக்கக் கூடாத பகுதியை அழித்தால் ஐஎம்இஐ காணாமல் போய், சிம் சிக்னல் நின்றுவிடும். அப்போது ‘வேற நம்பர் எழுதித் தர்றேன், 500 ரூபாய்’ என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வேலையை ஆரம்பிக்கும் முன் *#06# அழுத்தி இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழகிப் பார்க்க செகண்ட் ஹேண்ட் போன் வாங்கலாமா?

வீட்டில் இருப்பது ஒரே போன், அதில்தான் பணம் போய் வருகிறது என்றால் அதைத் தொடாதீர்கள். ஸ்டாக் ரோமிலேயே இருக்கட்டும். தேவையில்லாத ஆப்களை நீக்கி, ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஏபிகே எதையும் போடாமல், அந்தக் கணக்கில் சின்னத் தொகை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவது மேல். அப்டேட் நின்ற போனில் வரும் பெரிய ஆபத்து, வாட்ஸ்அப்பில் வரும் போலி ‘டிராஃபிக் சலான்’ ஏபிகே மாதிரியானவைதான். அதற்கு எந்த ரோமும் காப்பு இல்லை.

கற்றுக்கொள்ள ஆசை என்றால் தனியாக ஒரு பழைய போன் வாங்குவது நல்ல யோசனை. மட்டாஞ்சேரியிலிருந்து இப்போது ஹைகோர்ட் வரை வாட்டர் மெட்ரோ இருக்கிறது. இறங்கினால் பென்டா மேனகா நடந்துபோகும் தூரம். லினேஜின் பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டே கடைக்குள் நுழையுங்கள். கடையிலேயே டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து ‘ஓஈஎம் அன்லாக்கிங்’ பொத்தான் இருக்கிறதா, நகர்கிறதா என்று பாருங்கள். மங்கலாக நகராமல் இருந்தால் அந்தப் போன் உங்களுக்கு வேண்டாம். பழைய உரிமையாளரின் எம்ஐ கணக்கோ கூகுள் கணக்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் கடைக்காரர் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். கடைசியாக, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என முடக்கப்பட்டதாகவோ, ஏற்கெனவே வேறு போனில் பயன்பாட்டில் இருக்கும் எண் என்றோ பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.